லேஅவுட் ரோடு அகலம், டெட் எண்டு பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்

வணக்கம் மக்களே, பெங்களூரு ஆனேக்கல் பக்கம் புது லேஅவுட்ல எங்க அக்காவுக்காக ஒரு 30க்கு 40 அடி சைட் (வீட்டு மனை) பாத்திருக்கோம், அட்வான்ஸ் இன்னும் குடுக்கல. பிளான்ல முன்னாடி ரோடு 9 மீட்டர்னு இருக்கு, நேர்ல டேப் புடிச்சா தார் அதுல பாதி தான் வருது, லேஅவுட்காரங்கள கேட்டா ரெண்டு பக்க மோரியும் (சாக்கடை) ஃபுட்பாத்தும் சேத்து தான் சார் 9ங்கறாங்க. சைட் கல்லுல இருந்து எதிர் சைட் கல்லு வரைக்கும் தானே அளக்கணும்? சிவில் இன்ஜினியர்ஸ் யாராச்சும் சொல்லுங்க.

ஃபுட்பாத் தான் ரொம்ப உறுத்துது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸோட நடைபாதை கைட்லைன் ஐஆர்சி 103ல நடக்குற இடம் குறைஞ்சது 1.8 மீட்டர், கர்ப் (ஃபுட்பாத் ஓரக் கல்லு) உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல போகக்கூடாதுன்னு இருக்கு, இங்க மோரி மேல போட்ட ஸ்லாப் தான் ஃபுட்பாத், நடுவுல ட்ரான்ஸ்ஃபார்மர் வேற, முட்டி வலியோட அம்மா எப்படி ஏறுவாங்க?

இன்னொண்ணு, நம்ம ரோடு காம்பவுண்டு சுவர்ல போய் முட்டுது. ஃபயர் இன்ஜின் திரும்ப 9 மீட்டர் டர்னிங் ரேடியஸ் வேணும், அங்க குப்பை வண்டியே ரிவர்ஸ்ல தான் வரணும். பக்கத்து நிலம் லேஅவுட் ஆனா இந்த ரோடு தொறக்குமா, இல்ல அப்படியே டெட் எண்டா? கர்நாடகா ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) வெப்சைட்ல பிளான் டவுன்லோட் பண்ணிட்டேன், படிக்கத் தெரிஞ்சவங்க இருந்தா இன்பாக்ஸ்ல அனுப்புறேன். ரோடு, பார்க்கை எல்லாம் பிளானிங் அத்தாரிட்டிக்கு எழுதிக் குடுத்தாச்சான்னு எந்த பேப்பர்ல பாக்கறது, அதையும் சொல்லுங்க.