“நண்பன் வீடு” ஏன் “ஃப்ரெண்ட் ஹவுஸ்” ஆகிறது?

பத்தாம் வகுப்பு ஆங்கில ஆசிரியை:

விடைத்தாள்களில் அதிகம் சிவப்பு மை வாங்குவது “மை ஃப்ரெண்ட் ஹவுஸ்”, “மை ஃபாதர் ஷாப்” வகைதான். பிள்ளைகளின் கவனக்குறைவு என்று இதைத் தள்ளிவிடக் கூடாது. தமிழில் “நண்பன் வீடு”, “அப்பா கடை” என்றாலே போதும், “உடைய” மறைந்து நிற்கும். ஆறாம் வேற்றுமைத் தொகை. அந்தப் பழக்கம்தான் ஆங்கிலத்துக்குள்ளும் வருகிறது. “கார் டோர்”, “டேபிள் லெக்” எல்லாம் உருபில்லாமலே சரியாக இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது. உடையவர் மனிதரோ விலங்கோ என்றால் எஸ் மறையாது: “மை ஃப்ரெண்ட்’ஸ் ஹவுஸ்”. இந்த ஒரு வரியைச் சொல்லிக்கொடுத்தாலே பாதிப் பிழை போய்விடும்.

வாயில் வராதது கையிலும் வராது, அதனால் ஒலியையும் பழக்குங்கள். “கேட்’ஸ்” என்பதில் வெறும் காற்று. “டாக்’ஸ்” சொல்லும்போது தொண்டையில் கை வைத்தால் கடைசி ஒலியில் அதிர்வு தெரியும். “பாஸ்’ஸ்” என்பதை “பாஸிஸ்” என்று ஓர் அசை கூட்டித்தான் சொல்ல வேண்டும்.

பிழைதிருத்துநர்:

எஸ் வந்த பிறகு அடுத்த சிக்கல் அபாஸ்ட்ரஃபி, அதாவது மேலே போடும் ( ’ ) குறி, எங்கே என்பது. “பாய்’ஸ்”, “பாய்ஸ்’” இரண்டும் காதுக்கு ஒன்றே, எழுத்தில்தான் வேறுபாடு. தமிழில் எப்படிச் செய்கிறோம் என்று பாருங்கள்: மாணவன், மாணவர்கள், மாணவர்களின். முதலில் பன்மை, அதற்குப் பிறகே உருபு. ஆங்கிலத்திலும் அதே வரிசைதான். உடையவரைக் குறிக்கும் சொல்லை முழுதாக எழுதி முடியுங்கள். அதன் வாலில் அபாஸ்ட்ரஃபி. அந்தச் சொல் எஸ்ஸில் முடியும் பன்மை என்றால் அதோடு நிறுத்துங்கள், இல்லையென்றால் எஸ் சேருங்கள்.

“லேடீஸ்” பன்மை, ஆகவே “லேடீஸ்’ டெய்லர்”. “சில்ட்ரன்”, “விமன்” பன்மைதான், ஆனால் எஸ்ஸில் முடியவில்லை, “சில்ட்ரன்’ஸ்”, “விமன்’ஸ்”. “விமன்ஸ்’” என்று கடைசியில் போடுவது தவறு, “விமன்ஸ்” என்றொரு பன்மையே கிடையாது.

எஸ்ஸில் முடியும் ஆள்பெயருக்கு மட்டும் இரு வழக்கும் உண்டு. லண்டன் ரயில் நிலையம் “செயின்ட் ஜேம்ஸ்’ஸ் பார்க்”. நியூகாசில் கால்பந்து மைதானம் “செயின்ட் ஜேம்ஸ்’ பார்க்”. உங்கள் கட்டுரையில் ஒன்றைப் பிடித்தால் கடைசிவரை அதையே பிடியுங்கள்.

அலுவலகக் கடிதம் கற்பிப்பவர்:

லீவ் லெட்டரில் எப்போதும் தடுக்குவது இது: “டூ டேய்ஸ் லீவ்”. காலமும் உடைமை உருபு ஏற்கும். ஒரு நாளுக்கு “ஒன் டே’ஸ் லீவ்”, இரண்டு நாளுக்கு “டூ டேய்ஸ்’ லீவ்”. அபாஸ்ட்ரஃபி வேண்டாம் என்றால் “எ டூ-டே லீவ்” என்று இணைப்புக்கோடு போட்டு எஸ்ஸை விட்டுவிடலாம். இரண்டையும் கலந்து “டூ-டேய்ஸ் லீவ்” என்று மட்டும் எழுதாதீர்கள்.

பேச்சு ஆங்கிலப் பயிற்சியாளர்:

பிரதிப்பெயரில் விதி நேர்மாறு. “ஹெர்ஸ்”, “அவர்ஸ்”, “யுவர்ஸ்”, “தேர்ஸ்” எதற்கும் அபாஸ்ட்ரஃபி இல்லை. உடைமைப் பொருள் தரும் “இட்ஸ்”ஸுக்கும் இல்லை. ஐயம் வந்தால் அந்த இடத்தில் “இட் இஸ்”, “இட் ஹேஸ்” வைத்துப் படியுங்கள். பொருந்தினால் அபாஸ்ட்ரஃபி உண்டு, பொருந்தாவிட்டால் இல்லை. “ஹூ’ஸ்”, “ஹூஸ்” இரண்டையும் பிரிக்க இதே சோதனை போதும்.

அச்சில் தெரியாத, பேச்சில் மட்டும் தெரியும் பிழைகள் இரண்டு. “எங்க அப்பா” என்ற பழக்கத்தில், தனியாகப் பேசுகிறவரும் “அவர் ஃபாதர்” என்கிறார். கேட்கும் வெளிநாட்டவர் உடன்பிறந்தவர் யாரோ பக்கத்தில் இருப்பதாக நினைப்பார். “மை ஃபாதர்” என்பதே இயல்பு. இன்னொன்று மரியாதை. “சார் அவருடைய வண்டியில் வந்தார்” என்பதில் உள்ள மரியாதைப் பன்மையை “தேர் பைக்” என்று கொண்டுபோனால் அது வேறு யாருடைய வண்டியோ ஆகிவிடும். “ஹிஸ் பைக்” என்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.