பீட்டரின் அக்கா சோஃபியா: ஏழு வருட ஆட்சியில் என்ன செய்தார்?

கேள்வி:
மகா பீட்டரைப் பற்றி எதைப் படித்தாலும் அவருடைய அக்கா சோஃபியா சூழ்ச்சிக்காரியாகத்தான் வருகிறார். 1682 முதல் 1689 வரை ரஷ்யாவை ஆண்டவர் அவர்தானே? அதைப் பற்றி யாராவது கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்களேன்.

பதில் 1:
ரொம்ப நாளாக என் மனதை உறுத்தும் விஷயம் இது. அந்தக் காலத்து ஜார் வீட்டுப் பெண்களுக்கு வாழ்க்கையே 'தெரெம்' என்ற அந்தப்புரம்தான். பெரும்பாலும் கல்யாணமும் கிடையாது. உள்ளூர்ப் பிரபு அந்தஸ்தில் குறைந்தவன், வெளிநாட்டு இளவரசன் வேற்று மதத்தவன். அங்கிருந்து வந்த சோஃபியா, 1682இல் அண்ணன்... இல்லை, தம்பி, ஜார் ஃபியோதர் இறந்தபோது வழக்கத்தை மீறிச் சவ ஊர்வலத்தில் எல்லோர் முன்னாலும் நடந்தார். வயது 24.

அடுத்த சில வாரங்களில் ஸ்த்ரெல்த்ஸி என்ற துப்பாக்கிப் படையினர் கிரெம்ளினுக்குள் புகுந்து பீட்டரின் தாய்வழி உறவினரை (சோஃபியாவுக்குத் தாய் வேறு) வெட்டிச் சாய்த்தார்கள். முடிவில் சோஃபியாவின் இன்னொரு தம்பி இவான், பீட்டர் இருவருமே ஜார்; இருவரும் சிறுவர்கள், ஆட்சிப் பொறுப்பு அக்காவுக்கு. அவர்களுக்காகச் செய்த இரட்டை வெள்ளி அரியணை இன்றும் கிரெம்ளின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதுகுப் பக்கம் ஒரு திறப்பு உண்டு. திரைக்குப் பின்னாலிருந்து தம்பிகளுக்குப் பதில் சொல்லிக்கொடுக்க.

ஆனால் அவர் திரைக்குப் பின்னாலேயே இருந்துவிடவில்லை. அதே ஆண்டு ஜூலையில், திருச்சபை மாற்றிய வழிபாட்டு முறைகளை ஏற்க மறுத்த பழைய சடங்குக்காரர்கள் அரண்மனையில் வாதாட வந்தபோது தானே அரியணையில் உட்கார்ந்து பதிலடி கொடுத்தார். 1686இல் போலந்துடன் 'நிரந்தர சமாதானம்': 1,46,000 ரூபிள் கொடுத்து கீவ் நகரை உறுதிசெய்துகொண்டார். 1687இல் மாஸ்கோவில் உயர்கல்விக் கழகம். 1689இல் சீனாவுடன் நெர்ச்சின்ஸ்க் எல்லை ஒப்பந்தம். இத்தனை செய்தவரை 'சூழ்ச்சிக்காரி' என்று ஒரே வார்த்தையில் முடிப்பது அநியாயம்.

பதில் 2:
பழைய சடங்குக்காரர்களைச் சொன்னீர்கள், 1685 சட்டத்தை விட்டுவிட்டீர்களே! பிடிவாதமாக இருப்பவர்களைத் தீயிலிட்டுக் கொல்லச் சொன்ன சட்டம் அது. கிரிமியப் படையெடுப்பும் இரண்டு முறை தோல்வி.

பதில் 1:
அந்தச் சட்டம் கொடூரம்தான், அதற்குச் சமாதானம் சொல்ல மாட்டேன். கிரிமியா வேறு கதை. போலந்து ஒப்பந்தத்தின் விலையே அந்தப் போர். 1687இல் புல்வெளி எரிந்து குதிரைகளுக்குத் தீனி இல்லாமல் சோஃபியாவின் முதன்மை அமைச்சரும் தளபதியுமான கோலித்ஸின் திரும்பினார்; 1689இல் கிரிமியாவின் நுழைவாயிலான பெரெகோப் வரை போயும் பலனில்லை. அந்தத் தோல்விதான் சோஃபியாவைக் கவிழ்த்தது. ஆனால் 1695இல் பீட்டரே துருக்கியரின் அசோவ் கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினாரே! அதை யாரும் அவர் தகுதிக்குக் குறைவாக எழுதுவதில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பதவி போனபின் அவர் கதி?

பதில் 1:
நொவதேவிச்சி மடம். 1698இல் ஸ்த்ரெல்த்ஸி மறுபடி கிளர்ந்ததும் பீட்டர் அவரைக் கட்டாயமாகத் துறவியாக்கி, சுசன்னா என்று பெயரையும் மாற்றினார். கிளர்ச்சிக்காரர் சிலரை சோஃபியாவின் அறை ஜன்னலுக்கு எதிரேயே தூக்கிலிட்டார்கள். 1704இல் அந்த மடத்திலேயே இறந்தார்.