பிளட் எல்ஃப்கள் கட்சி தாவினார்களா, கழற்றி விடப்பட்டார்களா?

தேரடி:
வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் ஆடாதவர்களுக்காக முதலில் இரண்டு வரி. அந்த உலகத்தில் பெரிய கூட்டணிகள் இரண்டு. மனிதர்கள், குள்ளர்கள் எல்லாம் ஆலயன்ஸ். ஆர்க், ட்ரோல், நடமாடும் பிணங்கள் எல்லாம் ஹோர்ட். குவெல்தலாஸ் நாட்டு ஹை எல்ஃப்கள் முன்பு ஆலயன்ஸ் பக்கம் நின்றவர்கள். 2007 ஜனவரியில் 'பர்னிங் க்ரூசேட்' விரிவாக்கம் வந்தபோது பிளட் எல்ஃப் என்ற பெயரில் ஹோர்டில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

இவ்வளவு வெட்கமில்லாத கட்சித் தாவலை நான் எந்த விளையாட்டிலும் பார்த்ததில்லை. அவர்கள் காட்டைக் கொளுத்தியவன் ஆர்க். தலைமுறை தலைமுறையாக வெட்டிக்கொண்டது ட்ரோலோடு. ஊரையே காலி செய்த பிணப்படையிலிருந்து பிரிந்து வந்தவர்கள்தான் ஃபர்சேக்கன். இந்த மூன்று பேரும் இருக்கும் வீட்டுக் கதவைத் தட்டி 'அண்ணே, ஒரு இடம் இருக்கா' என்று கேட்டால் அதற்கு என்ன பெயர்?

கல்மண்டபம்:
கதையை 2007-ல் தொடங்கினால் அப்படித்தான் தெரியும் தல. நான் 2003-ல் தொடங்குகிறேன்.

இதே உலகத்தின் முந்தைய விளையாட்டான 'ஃப்ரோசன் த்ரோன்' வந்த புதிது. எம்.சி. ரோடு பக்கம் மாடியில் ஒரு பிரவுசிங் சென்டர். கீழே துணிக்கடைக்காரர்கள் கூவி அழைப்பது ஹெட்போனைத் தாண்டிக் காதில் விழும். அங்கே உட்கார்ந்துதான் எல்ஃப் கதையை முடித்தேன். அதற்கு முன்பே ஆர்தஸ் பிணப்படையோடு குவெல்தலாஸுக்குள் புகுந்து பத்தில் ஒன்பது பேரைக் கொன்றுவிட்டான். அவர்கள் உயிர்நாடியான சன்வெல் என்ற மந்திர ஊற்றையும் கெடுத்துவிட்டான். ஆர்தஸ் யார்? ஆலயன்ஸைத் தாங்கிப் பிடித்த லார்டரான் நாட்டின் இளவரசன். அதை மறக்கக் கூடாது.

மிச்சம் மீதியைத் திரட்டிக்கொண்டு எல்ஃப் இளவரசன் கேல்தஸ் எங்கே போகிறான்? ஆலயன்ஸிடம்தான். கரிதோஸ் என்ற தளபதியின் கீழ் வேலை செய்கிறேன் என்று கைகட்டி நிற்கிறான். கரிதோஸ் என்ன வேலை கொடுத்தான் தெரியுமா? இடிந்துபோன அப்சர்வேட்டரிகளைப் பழுது பார்க்கச் சொன்னான். அரசன் மகனுக்குக் கொத்தனார் வேலை! அப்புறம் பிணப்படை வருகிறது என்று தெரிந்ததும் குதிரைப்படை, காலாட்படை எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு, 'நீங்களே சமாளியுங்கள்' என்று போய்விட்டான். சாகப்போகிற நேரத்தில் நாகா என்ற கடல்பாம்பு இனத்தார் உதவிக்கு வந்தார்கள். அந்த உதவியை வாங்கியது துரோகமாம். மொத்தப் பேரையும் மந்திரவாதிகள் நகரமான டலரானின் சிறையில் போட்டு மரண தண்டனை விதித்தான். சிறையைத் திறந்துவிட்டது நாகா தலைவி வாஷ். ஆலயன்ஸில் ஒரு நாதி வரவில்லை.

தாவினார்கள் என்கிறீர்களே, தாவுவதற்கு முதலில் காலடியில் ஒரு கிளை வேண்டாமா?

தேரடி:
கரிதோஸ் ஒரு ஆள். வட்டச் செயலாளர் கெட்டவன் என்பதற்காக எவனாவது கட்சியையே விடுவானா?

அதுவும் போகட்டும். முதல் தடவை விலகியது எப்போது? ஆர்க்குகளோடு நடந்த இரண்டாம் போர் முடிந்ததும் எல்ஃப் அரசன் அனாஸ்டீரியன் தானாகவே ஆலயன்ஸை விட்டு வெளியேறினான். 'உங்கள் தலைமையால்தான் எங்கள் காடு எரிந்தது' என்று காரணம் வேறு. அப்போது எந்த கரிதோஸ் இருந்தான்? அந்தப் போருக்கே ஒப்புக்குக் கொஞ்சம் படை அனுப்பியவர்கள்தானே. 2,800 வருஷத்துக்கு முன்னால் ட்ரோல் போரில் மனிதர்கள் வந்து காப்பாற்றினார்கள். அந்தப் பரம்பரையில் வந்த ஆலயன்ஸ் தளபதி லோதாருக்குக் கடன்பட்டிருக்கிறோமே என்று சும்மா தலையைக் காட்டினார்கள். தன் வீட்டுக் கூரை பற்றிய பிறகுதான் முழுசாக இறங்கினார்கள்.

அப்புறம் உங்கள் கேல்தஸ். ஊரை அழித்தது யாருடைய வேலை? பர்னிங் லீஜன் என்ற அரக்கர் படை கட்டிவிட்ட வேலை. கடைசியில் அவன் அதே லீஜனிடமே சம்பளத்துக்குப் போனான். இதற்கும் கரிதோஸ்தான் காரணமா?

பெரம்பூர்_லோகோ:
இரண்டு பேரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். எல்ஃப் எங்கேயும் தாவவில்லை, விளையாட்டை வடிவமைத்தவர்கள் தூக்கி வைத்தார்கள். அதுவரை பேலடின் என்ற புனித வீரர் வகுப்பு ஆலயன்ஸில் மட்டும், ஷாமன் என்ற பூசாரி வகுப்பு ஹோர்டில் மட்டும். அதைச் சரிக்கட்ட ஆலயன்ஸில் புதிதாகச் சேர்ந்த ட்ரனாய் இனத்துக்கு ஷாமன், பிளட் எல்ஃபுக்குப் பேலடின். ஹோர்ட் பக்கம் கண்ணாடி முன்னால் நிற்கிற மாதிரி ஒரு முகம் இல்லையே என்பதும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். கதையை அதற்குப் பிறகுதான் தைத்தார்கள்.

கல்மண்டபம்:
தைத்த தையல் நன்றாகத்தானே இருக்கிறது. கோஸ்ட்லேண்ட்ஸ் பகுதிக்குப் போய்ப் பாருங்கள். பிணப்படையை எதிர்த்து எல்ஃப்களோடு தோளுக்குத் தோள் நிற்பது ஃபர்சேக்கன். அனுப்பியவள் அவர்கள் தலைவி சில்வானஸ். அவளும் குவெல்தலாஸ்காரிதான், ஊரைக் காக்க நின்று ஆர்தஸ் கையால் செத்தவள். பிணமான பிறகும் சொந்த ஊருக்குப் படை அனுப்புகிறாள். அதே நேரம் ஆலயன்ஸ் பக்கத்திலிருந்து யார் வந்தது? நைட் எல்ஃப் உளவாளிகள்.

கேல்தஸை விட்டுவிடுங்கள். அவனை அவன் மக்களே கைகழுவினார்கள். அவன் ஆட்கள் எல்ஃப் தலைநகர் சில்வர்மூனுக்குள் புகுந்து, அங்கே இருந்த ம்யூரு என்ற ஒளி உயிரைத் தூக்கிக்கொண்டு போன அன்றே கணக்கு தீர்ந்தது. நாட்டைத் தாங்கி நின்றவர் லோர்தேமார். அரசன் என்று சொல்லிக்கொள்ளாமல் 'ரீஜன்ட்', அதாவது அரசப் பிரதிநிதி என்றே இத்தனை வருஷம் ஓட்டிய மனுஷன்.

கொருக்குப்பேட்டை_கோதை:
எல்ஃப் என்றாலே பிளட் எல்ஃப்தானா? நைட் எல்ஃப்களை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. பத்தாயிரம் வருஷம் யாரோடும் ஒட்டாமல் இருந்தவர்கள். ஆர்க்குகள் அவர்களுடைய ஆஷன்வேல் காட்டில் மரம் வெட்ட வந்து வனதேவன் செனாரியஸையே கொன்றார்கள். அப்படியிருந்தும் பர்னிங் லீஜனை எதிர்த்து அதே ஆர்க்குகளோடும் மனிதர்களோடும் ஹைஜால் மலையில் ஒன்றாக நின்றார்கள். பிறகு ஆலயன்ஸ். அதற்குக் கிடைத்த பரிசு, 2018-ல் சில்வானஸ் அவர்கள் குடியிருந்த டெல்ட்ராசில் மரத்தையே கொளுத்தினாள். ஊரைக் காக்கச் செத்தவள் என்று மேலே ஒருவர் உருகியிருக்கிறாரே, அதே அம்மாதான்.

சுராமார் நகரத்து எல்ஃப்களான நைட்போர்ன் கதையையும் பாருங்கள். சுராமாரை மீட்க நைட் எல்ஃப் தலைவி தைரான்டே படையோடு வந்தாள், ஆனால் அவர்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிளட் எல்ஃப் லியாட்ரின் பேசினாள். அவர்கள் ஹோர்டுக்குப் போனார்கள். அவ்வளவுதான் கூட்டணி. எங்கள் வீட்டுக் கல்யாணத்திலும் இப்படித்தான், 'வாங்க' என்று சொல்லாத ஒரு குற்றத்துக்கு ஒரு குடும்பமே பந்தியை விட்டு எழுந்து போனது.

மட்டுறுத்துநர்:
நடப்புக் கட்சிகளை ஒப்பிட்டு எழுதிய ஆறு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். 1949-ல் ராபின்சன் பூங்காவில் ஒரு கட்சி பிறந்ததிலிருந்து நம் பகுதியில் எந்தப் பேச்சும் அங்கேதான் போய் நிற்கும், தெரியும். ஆனாலும் எல்ஃபைப் பற்றி மட்டும் பேசவும். வட்டச் செயலாளரைப் போனால் போகிறதென்று விட்டுவைத்தேன்.

வியாசை_ஸ்ட்ரைக்கர்:
இது கட்சி அரசியல் இல்லை, குடும்பக் கதை. நீக்காதீர்கள்.

எங்கள் தாத்தா ரங்கூனில் கடை வைத்திருந்தவர். 1962-ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அடுத்த ஒன்றிரண்டு வருஷத்தில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1964-ல் கப்பலில் வந்து மெட்ராஸில் இறங்கினார். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, அதன் பூட்டு மட்டும் இன்னும் வீட்டில் இருக்கிறது. வியாசர்பாடியில் குடிசை போட்டபோது முதலில் கூரைக்கு ஓலை கொடுத்தவர் யாரோ, அவர் சொன்ன சின்னத்துக்குத்தான் சாகிற வரைக்கும் ஓட்டு. அந்த மனுஷருடைய கொள்கை என்ன என்று தாத்தாவுக்குத் தெரியவே தெரியாது. ஓலை தெரியும்.

தேரடி அண்ணன் எல்ஃபிடம் கொள்கை கேட்கிறார். சில்வானஸ் கொடுத்தது ஓலை.

தேரடி:
தம்பி, உன் தாத்தாவை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் ஓலைக் கணக்கு என்றால் அதையும் ஒழுங்காகப் போடு.

2008-ல் சன்வெல்லை மறுபடி உயிர்ப்பித்தது யார்? வெலன். ட்ரனாய்களின் பெரியவர், ஆலயன்ஸ் தலைவர்களில் ஒருவர். ம்யூருவின் மிச்சப் பொறியை எடுத்து அந்த ஊற்றில் போட்டு மொத்த இனத்தின் மந்திரப் பசியையும் தீர்த்தார். கூலி கேட்கவில்லை, 'எங்கள் பக்கம் வாருங்கள்' என்றுகூடச் சொல்லவில்லை. ஃபர்சேக்கன் கொடுத்தது ஓலை என்றால் வெலன் கொடுத்தது வீடு. அதற்குப் பிறகும் ஹோர்டிலேயே இருந்தார்களே, அது நன்றியா? 2007-க்குப் போக்கிடம் இல்லை என்று சொல்லலாம். 2008-க்கு என்ன சொல்வீர்கள்?

கல்மண்டபம்:
நல்ல அடி. ஒப்புக்கொள்கிறேன், வெலன் விஷயத்தில் எனக்கும் நேரான பதில் இல்லை.

ஆனால் 2012-ஐ எடுங்கள். ஹோர்ட் தலைவன் காரோஷ் ஆட்டம் தாங்காமல் லோர்தேமார் ஆலயன்ஸுக்குத் திரும்பி வர அதன் அரசன் வேரியனோடு ரகசியமாகப் பேச்சு நடத்தினார். கிட்டத்தட்ட முடிகிற நேரம். காரோஷ் ஒரு தெய்வீக மணியைத் திருட டலரானில் இருந்த எல்ஃப் சிலரைப் பயன்படுத்திக்கொண்டான். லோர்தேமாரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டலரான் தலைவி ஜெய்னா என்ன செய்தாள்? யார் செய்தது என்று விசாரிக்காமல் டலரானில் இருந்த சன்ரீவர் என்ற பிளட் எல்ஃப் குழுவினர் அத்தனை பேரையும் துரத்தினாள், அடைத்தாள், எதிர்த்தவர்களைக் கொன்றாள். பேச்சுவார்த்தை அங்கேயே செத்தது. 2003-ல் சிறை வைத்ததும் டலரான், 2012-ல் சிறை வைத்ததும் டலரான். ஒரே ஊரில் இரண்டு முறை உள்ளே போனவன் மூன்றாம் முறை எதற்கு வருவான்?

தேரடி:
திருடியவர்கள் எல்ஃப்கள்தானே? வீட்டில் வாடகைக்கு வைத்தவன் பெட்டியை உடைத்தால் என்ன செய்வீர்கள்?

கல்மண்டபம்:
உடைத்தவனைப் பிடிப்பேன். காம்பவுண்டில் இருக்கிற எல்லாரையும் காலி பண்ணச் சொல்லமாட்டேன்.

டோல்கேட்_சின்னவன்:
அண்ணே, இந்த விவாதத்தை எதற்காக ஆரம்பித்தாய் என்று நான் சொல்லட்டுமா?

நண்பர்களே, தேரடி என் கூடப்பிறந்த அண்ணன். 2007-ல் எங்கள் வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். பகல் ஷிஃப்ட் நான், ராத்திரி ஷிஃப்ட் அவன். எனக்குப் பேலடின் ஆட ஆசை. 'நம்ம கில்டில் (ஆட்டக் குழுவில்) பேலடின் இடம் நிரம்பிவிட்டது, நீ பிரீஸ்ட் எடு, பின்னால் நின்று ஹீல் பண்ணு' என்றான். மூன்று வாரம் பின்னால் நின்றேன். ஒரு நாளும் கூட்டத்தில் என் பெயரைச் சொன்னதில்லை. அப்சர்வேட்டரி பழுது பார்க்கச் சொன்ன கரிதோஸ் வேறு யாருமில்லை. ஒருநாள் மத்தியானம், ஹோர்டில் ஒரு பிளட் எல்ஃப் பேலடினை உருவாக்கினேன்.

அப்புறம் நான் வேலைக்குப் போய் லேப்டாப் வாங்கினேன். ஸ்ட்ராங்கிள்தார்ன் காட்டில் இரண்டு பேரும் எதிரெதிரே சந்தித்தோம். அண்ணன் செத்து விழுந்தான். நான் 'லோல்' என்று அடித்தேன். ஹோர்ட் பேசுவது ஆலயன்ஸுக்குப் புரியக்கூடாது என்று விளையாட்டே எழுத்தை மாற்றிவிடும். அடுத்த அறையிலிருந்து ஒரு கத்தல்: 'கெக்குனா என்னடா?' அம்மா சோற்றுக் கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

கொருக்குப்பேட்டை_கோதை:
ஐயோ, இதுதான் ஆதியிலேயே வந்திருக்க வேண்டிய பதிவு.

பெரம்பூர்_லோகோ:
2022 வரைக்கும் ஹோர்டும் ஆலயன்ஸும் ஒரே டஞ்சனுக்குள் சேர்ந்து போகவும் வழியில்லை. பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் இரண்டு கூட்டணி. பாவம் அந்த அம்மா.

தேரடி:
அந்தக் கில்டில் ஏற்கெனவே நான்கு பேலடின் இருந்தது உண்மை. ஹீலர் இல்லாமல் எல்லோரும் செத்துக்கொண்டிருந்ததும் உண்மை. பெயரைச் சொல்லாதது... சரி, அது தப்புதான்.

வெலன் விஷயத்தில் என் கட்சி மாறாது. அதை இதோடு குழப்பவேண்டாம்.

வியாசை_ஸ்ட்ரைக்கர்:
ஞாயிற்றுக்கிழமை பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா நூடுல்ஸ் அத்தோ சாப்பிட எல்லாரும் வாருங்கள். அங்கே பேசித் தீர்க்கலாம். மொய்ங்கா சூப் என் கணக்கு.

தேரடி:
வருகிறேன். சின்னவனே, 2023-லிருந்து இரண்டு பக்கத்து ஆளும் ஒரே கில்டில் இருக்கலாமாமே. உன் கில்டில் ஒரு இடம் இருக்குமா? என் பேலடின் சும்மாதான் இருக்கிறான்.

டோல்கேட்_சின்னவன்:
பேலடின் இடம் நிரம்பிவிட்டது அண்ணே. ஹீலர் தேவைப்படுகிறது.

தேரடி:
லோல்.

டோல்கேட்_சின்னவன்:
எனக்கு இங்கே 'பர்' என்று தெரிகிறது.