எங்கட குடும்பம் (வாட்ஸ்அப் குழு): முள்ளியவளைப் பயணம்

*புதன்*

நான்: வற்றாப்பளையில் பொங்கல் சனம் எல்லாம் வடிந்துவிட்டதாம். வருகிற ஞாயிறு அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக நினைக்கிறேன். யார் யார் வருகிறீர்கள்?

சித்தி முரசுமோட்டை: நான் வருவேன். பொங்கல் அன்று போனால் அம்மனையா பார்க்கிறோம், முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்க்கிறோம்.

தம்பி: ஒரு நாள் முழுக்க இருக்கிறதே, யாழ்ப்பாணம் போவோமா? நல்லூர், கீரிமலை, பின்னேரம் ஐஸ்கிரீம். ஏசி ஹயஸ் வான் ஒன்று பிடித்துத் தருகிறேன்.

பெரிய மாமா: எனக்குச் சீனி வருத்தம். நீ ஐஸ்கிரீம் குடிப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா?

நான்: அம்மா குரல் பதிவு போடத் தெரியாமல் மூன்று முறை மின்விசிறிச் சத்தத்தை அனுப்பிவிட்டார். அவர் சொல்வதை நானே தட்டுகிறேன்: "நல்லூர் அங்கேயே இருக்கும். சீனியம்மாவுக்கு எண்பத்தெட்டு வயது. கோயிலுக்குப் போய்விட்டு முள்ளியவளையில் அவவைப் பார்க்க வேண்டும். வேறு எங்கும் வேண்டாம்."

தம்பி: சரி, யாழ்ப்பாணம் ரத்து. ஏசி ஹயஸ் ரத்து இல்லை.

மச்சாள் வவுனியா: நான் நெடுங்கேணி வழியாக பஸ்ஸில் வந்து முள்ளியவளையில் சேர்ந்துகொள்கிறேன். என்னை ஏற்றவென்று நீங்கள் சுற்ற வேண்டாம்.

சித்தி முரசுமோட்டை: சீனியம்மா வீட்டுக்கு முன்கூட்டியே சொல்லாதே பிள்ளை. சொன்னால் விடியவே அடுப்பு மூட்டிவிடுவார்கள். சொல்லாமல் போனால் தேத்தண்ணியோடு முடியும். நான் கட்டுச்சோறு கட்டிவருகிறேன். கோயிலுக்குப் போவதால் மச்சம் இல்லை. கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, மோர்மிளகாய், பருப்பு.

பெரிய மாமா: வானின் முதல் படி உயரம். போன முறை என்னை நெல்லு மூட்டை தூக்குவது போலத் தூக்கி ஏற்றினார்கள். சின்ன ஸ்டூல் ஒன்று கொண்டுவரவும். வழியில் மலசலகூடம் எங்கே என்றும் பார்த்து வைக்கவும். கோயிலை விட முதலில் அதுதான்.

தம்பி: ஸ்டூல் எடுத்தாயிற்று மாமா.

*வியாழன்*

சின்ன மாமா கனடா: இங்கே இப்போதுதான் வேலை முடிந்தது. முள்ளியவளை என்றதும் பெட்டியைக் கிளறினேன். இதைப் பாருங்கோ.

[படம்]

சித்தி முரசுமோட்டை: ஐயோ, அம்மா! இது எங்கே இருந்தது?

சின்ன மாமா கனடா: 84இல் கிளிநொச்சி ஸ்டேசனில் யாழ்தேவி ஏறும்போது என் பெட்டிக்குள் இருந்தது. வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போன தட்டிவான். முன்னால் அம்மா, அக்கா, சீனியம்மா. கதவடியில் மூக்கு வடிய அழுதுகொண்டு நிற்பது நான்.

பெரிய மாமா: அது நீ இல்லை.

சின்ன மாமா கனடா: என் முகம் எனக்குத் தெரியாதா அண்ணை?

பெரிய மாமா: உனக்கு அந்த வயதில் தலை மொட்டை. நேர்த்திக்கு மொட்டையடித்திருந்தோம். இவனுக்குத் தலை நிறைய மயிர்.

நான்: மாமா, எங்கள் அல்பம் 2009இல் இடம்பெயர்ந்தபோது போய்விட்டது. அம்மாவின் கல்யாணப் படம்கூட எங்களிடம் இல்லை. உங்களிடம் இருப்பதை எல்லாம் ஒவ்வொன்றாக அனுப்புங்கோ. அழுதவர் யார் என்பதை ஞாயிற்றுக்கிழமை சீனியம்மாவிடமே கேட்போம்.

மச்சாள் வவுனியா: பெரிதாகப் பிரின்ட் எடுத்து வருகிறேன். ஃபோன் படம் அவவுக்குத் தெரியாது.

*ஞாயிறு*

தம்பி: காலை ஆறரைக்கு உருத்திரபுரத்தில் ஏறினோம். பரந்தன் சந்தி தாண்டவில்லை, மாமா தொடங்கிவிட்டார்.

பெரிய மாமா: தொடங்காமல்? ஆனையிறவு உப்பு இங்கே நான் வேலை செய்த இரசாயனத் தொழிற்சாலைக்கு வந்துதான் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் ஆனது. இரவு வேலை முடிந்து சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது உடுப்பில் அந்த மணம் இருக்கும். 85இல் உற்பத்தி நின்றது. உன் வயது ஆட்களுக்குப் பரந்தன் என்றால் பஸ் நிற்கும் இடம், அவ்வளவுதான்.

சின்ன மாமா கனடா: அந்த மணத்தோடு சாப்பாட்டுக்கு வந்து இருப்பீர்கள். அம்மா கிணற்றடிக்குத் துரத்துவா.

நான்: முரசுமோட்டையில் சித்தியை ஏற்றியாயிற்று. சிறுபோக வயல் இரண்டு பக்கமும் பச்சை. சோளகக் காற்று அடிக்கிற அடியில் சித்தியின் கொண்டை அவிழ்ந்துவிட்டது, ஏனென்றால் அம்மா யன்னலைத் திறக்கச் சொல்லிவிட்டார். ஏசிக்குக் கொடுத்த காசு காற்றோடு போகிறது.

தம்பி: டிரைவர் அண்ணை என்னைப் பார்க்கிறார். நான் வெளியே பார்க்கிறேன்.

நான்: வட்டுவாகல் பாலம், 2009இல் சனம் கடந்து வந்த இடம். ஒடுக்கமான பழைய பாலம், எதிரே வந்த லொறி போகும் வரை நின்றோம். வானுக்குள் யாரும் கதைக்கவில்லை. பிறகு சித்திதான் மோர்மிளகாய்ப் போத்தல் சரிந்துவிட்டது என்றார்.

கனடா மச்சாள்: அக்கா, வற்றாப்பளையில் கடல் தண்ணீரில் விளக்கு எரியும் என்று அப்பா சொல்கிறார். உண்மையாகவா? எண்ணெய் இல்லாமலா?

நான்: பெரிய மாமா, இது உங்களுக்கு வந்த கேள்வி.

பெரிய மாமா: ஓம் பிள்ளை. வைகாசிப் பொங்கலுக்கு முதல் திங்கள் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுப்பார்கள். அதை முள்ளியவளை காட்டா விநாயகர் கோயிலுக்குக் கொண்டுவந்து அந்த உப்புநீரில் விளக்கு ஏற்றி ஒரு கிழமை எரிப்பார்கள். ஞாயிறு அங்கே பொங்கல். அடுத்த நாள் திங்கள்தான் நந்திக்கடல் ஓரத்தில் வற்றாப்பளை அம்மனுக்குப் பொங்கல். இதற்கெல்லாம் முன்னால் பாக்குத்தெண்டல் என்று ஒரு சடங்கும் உண்டு. நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது மாட்டு வண்டிகள் வரிசையாகப் போகும். வண்டிக்குக் கீழேதான் பாய் விரித்துப் படுப்போம். மாடு அசை போடுகிற சத்தத்தில் நித்திரை வரும். தட்டிவான் எல்லாம் பிறகு வந்த சொகுசு. இங்கே இருக்கிறவள் மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி, சாந்தப்படுத்தத்தான் பொங்கல் என்று எங்கள் ஆச்சி சொல்லுவா. எண்ணெயா தண்ணீரா என்று நான் ஒருநாளும் தொட்டுப் பார்க்கவில்லை. நீயும் பார்க்காதே.

கனடா மச்சாள்: 🙏🏽 அடுத்த வைகாசிக்கு வரலாமா அப்பா?

சின்ன மாமா கனடா: டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

நான்: கோயிலில் சனமே இல்லை. அம்மா தூணில் சாய்ந்து இருந்துவிட்டார். எழும்புங்கோ என்றால், "வந்ததே இருக்கத்தானே" என்கிறார். சரி, இருக்கட்டும்.

மச்சாள் வவுனியா: நான் சீனியம்மா வீட்டு வாசலில் நிற்கிறேன். எங்கே எல்லாரும்?! நான் தனியாக வந்திருக்கிறேன் என்று நினைத்து அழத் தொடங்கிவிட்டா. ஏதோ கெட்ட செய்தி என்று பயந்துவிட்டாவாம்.

தம்பி: ஐந்து நிமிடம் அக்கா. தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லுங்கோ.

மச்சாள் வவுனியா: தேத்தண்ணியா? மகள் உலை வைத்தாயிற்று.

*பின்னேரம்*

சின்ன மாமா கனடா: ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. நான் நித்திரை முழித்து இருக்கிறேன். அது நான்தானே?

நான்: மன்னிக்கவும் மாமா, ஃபோனை எடுக்க நேரம் வரவில்லை. வேப்பமரத்துக்குக் கீழே கட்டிலைப் போட்டு சீனியம்மாவைச் சுற்றி இருந்தோம். அம்மாவும் அவவும் ஒருவர் கையை ஒருவர் விடவே இல்லை. கதைத்தது எல்லாம் செத்த மாடுகளைப் பற்றித்தான். எந்த மாடு எத்தனை போத்தல் பால் கறந்தது, எது வேலி பாய்ந்து எவருடைய பயிரை மேய்ந்தது, யார் வீட்டில் சண்டை வந்தது. மனிதர்களின் பெயர்கூட இடையில் தவறுகிறது, மாடுகளின் பெயர் தவறவில்லை.

சின்ன மாமா கனடா: படம்?

மச்சாள் வவுனியா: பிரின்டை முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா. உடனே சிரித்துவிட்டா. அது நீங்கள் இல்லை மாமா. பக்கத்து வளவுப் பெடியனாம். வீட்டில் சொல்லாமல் தட்டிவானில் ஏறி ஒளித்துவிட்டானாம். அங்கே இறங்கிய பிறகுதான் கண்டார்களாம். இங்கே அவன் தாய் கிணறு எல்லாம் தேடினாவாம்.

சின்ன மாமா கனடா: அப்ப நான் எங்கே?

மச்சாள் வவுனியா: உங்களுக்கு அம்மாள் வருத்தமாம், அம்மை போட்டிருந்ததாம். உங்களை ஆச்சியோடு வீட்டில் விட்டுவிட்டுப் போனார்களாம்.

பெரிய மாமா: 😂😂😂

சின்ன மாமா கனடா: நாற்பது வருடமாக யாரோ ஒரு பெடியனின் படத்தைப் பெட்டிக்குள் வைத்திருந்திருக்கிறேன்.

சித்தி முரசுமோட்டை: என் கட்டுச்சோற்றை ஒருவரும் தொடவில்லை. அங்கே பச்சரிசிச் சோறும் முருங்கைக்காயும் முடித்துவிட்டு வந்தோம். வழியில் சாப்பிடலாம் என்று ஒட்டுசுட்டானில் திறந்தால் தம்பி மட்டும் இரண்டு பொட்டலம் சாப்பிட்டான்.

தம்பி: மோர்மிளகாய் அருமை சித்தி.

நான்: வரும்போது ஒரு பை பாலைப்பழம் தந்துவிட்டார்கள். பழத்தின் பால் ஒட்டும், மெதுவாகச் சாப்பிடுங்கோ என்று மாமாவிடம் சொன்னேன்.

பெரிய மாமா: அதைப் பற்றிக் குழுவில் எழுத வேண்டாம்.

தம்பி: மேல் பல் செட் முழுதாகக் கழன்று பழத்தோடு வந்துவிட்டது 😂

பெரிய மாமா: எழுத வேண்டாம் என்றேன்.

நான்: மாங்குளத்தால் ஏ9க்கு ஏறி முறிகண்டியில் நிற்கிறோம். தேங்காய் உடைத்தாயிற்று, கச்சான் கடலை வாங்கியாயிற்று. கனடாவுக்கு அனுப்ப இரண்டு பை தனியே.

சின்ன மாமா கனடா: எனக்குக் கச்சான், அந்தப் பெடியனுக்கு என் படம். சரி, விடுங்கோ.

*திங்கள்*

தம்பி: வான் கணக்கு போட்டாயிற்று, தனித்தனியே அனுப்புகிறேன். மாமாவிடம் காசு வாங்கவில்லை, பல் செட்டுக்கு நட்டஈடு. ஸ்டூல் வானில் போய்விட்டது, டிரைவர் அண்ணை நாளை கொண்டுவருவார்.

*மச்சாள் வவுனியா, சீனியம்மா வீட்டு அக்காவைச் சேர்த்தார்*

சீனியம்மா வீட்டு அக்கா: எல்லாருக்கும் வணக்கம். அம்மா கேட்கச் சொன்னா. அடுத்த ஞாயிறு எத்தனை பேர் வருகிறீர்கள்? எத்தனை பேருக்கு உலை வைப்பது?

தம்பி: அடுத்த ஞாயிறா? யார் வருவதாகச் சொன்னது?

நான்: அம்மா இப்போது குரல் பதிவு போடப் பழகிவிட்டார். கேளுங்கோ.

[குரல் பதிவு, 0:04]

தம்பி: "நான்தான் சொன்னேன். ஏசி வேண்டாம்." அவ்வளவுதானா?

பெரிய மாமா: நானும் வருகிறேன். ஸ்டூலை மறக்கவேண்டாம்.