சோப் ஹெடருக்குள் போனதும் சாம்எல் டோக்கனின் கையொப்பம் தவறாகிறது, தனியாகச் சோதித்தால் சரி

தறிநூல் (கேள்வி)

எஸ்டிஎஸ் (டோக்கன் வழங்கும்) சர்வர் தரும் சாம்எல் 2.0 டோக்கனை (பயனர் யார் என்று சொல்லும், கையொப்பமிட்ட எக்ஸ்எம்எல்) கிளையன்ட் அப்படியே சோப் (எக்ஸ்எம்எல் செய்தி முறை) ஹெடரின் செக்யூரிட்டி எலிமென்ட்டுக்குள் வைத்து சர்வீஸுக்கு அனுப்புகிறது. திரும்பி வரும் ஃபால்ட் கோடு: ஃபெயில்டுசெக். கையொப்பமோ டிக்ரிப்ஷனோ செல்லாது என்பதற்கு மேல் அதில் ஒரு விவரமும் இல்லை.

அதே டோக்கனைத் தனி ஃபைலாகச் சேமித்து, அதே சான்றிதழால் சோதித்தால் சரி என்கிறது. சான்றிதழ் காலாவதி ஆகவில்லை. இரண்டு சர்வர்களின் கடிகாரமும் ஒன்றாகத்தான் ஓடுகின்றன. நடுவில் கேட்வே எதுவும் கிடையாது. டோக்கனில் கேனானிகலைசேஷன் மெத்தட் (எக்ஸ்எம்எல்லை ஒரே நிலையான பைட் வடிவமாக்கும் முறை) எக்ஸ்க்ளூசிவ் என்றே இருக்கிறது, எனவே நேம்ஸ்பேஸ் (எலிமென்ட் பெயர்கள் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தவை என்ற அறிவிப்பு) பிரச்சினையாக இருக்க வாய்ப்பில்லை என நினைக்கிறேன். சர்வீஸ் ஜாவாவில் எழுதியது. எங்கிருந்து தேடத் தொடங்குவது?

சாவித்துவாரம்

ஃபெயில்டுசெக் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு தோல்விகள் ஒளிந்திருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரியுங்கள். அதற்கு முன் சான்றிதழை மாற்றிப் பார்ப்பது, லைப்ரரியை அப்டேட் செய்வது எல்லாம் வீண் வேலை.

எக்ஸ்எம்எல் கையொப்பம் இரண்டு படிகளில் சரிபார்க்கப்படுகிறது. ஒன்று, ஒவ்வொரு ரெஃபரன்ஸும் சுட்டும் பகுதியை எடுத்து ஹேஷ் (உள்ளடக்கத்தின் சுருக்க எண்) கணக்கிட்டு, அதை கையொப்பத்தில் எழுதியிருக்கும் ஹேஷான டைஜஸ்ட்வேல்யூவோடு ஒப்பிடுவது. இதில் சாவிக்கு வேலையே இல்லை. மற்றொன்று, சைன்டுஇன்ஃபோ எலிமென்ட்டை (ரெஃபரன்ஸ்களும் அவற்றின் டைஜஸ்ட்வேல்யூவும் அடங்கியது) மட்டும் எடுத்து, சிக்னேச்சர்வேல்யூவை (ப்ரைவேட் கீயால் இட்ட கையொப்பம்) பப்ளிக் கீயால் சரிபார்ப்பது. முதல் படியில் விழுந்தால் டோக்கனின் உள்ளடக்கமோ, அதைப் பைட்டுகளாக மாற்றும் விதமோ மாறியிருக்கிறது. இரண்டாவதில் மட்டும் விழுந்தால் பெரும்பாலும் சாவி தவறு, அல்லது சைன்டுஇன்ஃபோவையே யாரோ தொட்டிருக்கிறார்கள்.

ஜாவாவில் மொத்த வேலிடேட் அழைப்பு வெறும் ஆம், இல்லை என்றுதான் சொல்லும். தோற்ற பிறகு சிக்னேச்சர்வேல்யூவுக்கும் ஒவ்வொரு ரெஃபரன்ஸுக்கும் தனித்தனியே வேலிடேட் அழைத்து லாகில் எழுதுங்கள். வேலிடேட் கான்டெக்ஸ்டில் கேஷ்ரெஃபரன்ஸ் என்ற பண்பை ட்ரூ ஆக்கினால், ஹேஷுக்குள் போன பைட்டுகளையே டைஜஸ்ட்இன்புட்ஸ்ட்ரீம் வழியாக எடுக்கலாம். தனி ஃபைலுக்கும் சோப் செய்திக்கும் அந்தப் பைட்டுகளை எடுத்து டிஃப் போட்டால் (வித்தியாசம் பார்த்தால்), பாதி நாள் ஊகத்தைத் தவிர்க்கலாம்.

ஜாவாவுக்கு வெளியே சோதிக்க எக்ஸ்எம்எல்செக் கமாண்டின் ஸ்டோர்-ரெஃபரன்சஸ் ஆப்ஷன் அதே வேலையைச் செய்யும். ஆனால் அது ஃபைலில் முதலில் கண்ணில் படும் கையொப்பத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். உங்கள் ஹெடரில் டோக்கனின் கையொப்பமும், பாடியையும் டைம்ஸ்டாம்பையும் மூடும் செய்திக் கையொப்பமும் சேர்ந்தே இருக்கலாம். எது தோற்றது என்று தெரியாமல் நகராதீர்கள். அசெர்ஷனின் (டோக்கனின் முதன்மை எலிமென்ட்) ஐடி அட்ரிப்யூட் எது என்பதையும் எக்ஸ்எம்எல்செக்குக்குச் சொல்லித்தர வேண்டும், இல்லாவிட்டால் ரெஃபரன்ஸ் கிடைக்கவில்லை என்று வேறு ஒரு பிழை வந்து திசைதிருப்பும்.

தறிநூல்

பிரித்துப் பார்த்தேன். டோக்கனின் கையொப்பம்தான். சிக்னேச்சர்வேல்யூ சரி, டைஜஸ்ட் தவறு. டிஃபில் ஒரே வித்தியாசம்: சோப் செய்தியிலிருந்து எடுத்த பைட்டுகளில் அசெர்ஷன் டேக்கிலேயே சோப் என்வலப், டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி நேம்ஸ்பேஸ்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன. எக்ஸ்க்ளூசிவ் என்றால் இவை வரக்கூடாதே?

கூர்நோக்கி

நீங்கள் பார்த்த கேனானிகலைசேஷன் மெத்தட் சைன்டுஇன்ஃபோவுக்கு மட்டும் உரியது. அசெர்ஷனை எப்படிப் பைட்டாக்குவது என்பதை ரெஃபரன்ஸுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்ம்ஸ் பட்டியல்தான் முடிவு செய்கிறது. அங்கே பாருங்கள், என்வலப்டு-சிக்னேச்சர் (ஹேஷ் எடுக்கும் முன் கையொப்பத்தை நீக்குவது) ஒன்று மட்டும்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

அப்படி இருந்தால் விதிப்படி கடைசியில் கேனானிகல் எக்ஸ்எம்எல் 1.0, அதாவது இன்க்ளூசிவ் முறை, தானாகவே பயன்படும். அது மேலே உள்ள எல்லா முன்னோர் எலிமென்ட்களின் நேம்ஸ்பேஸ்களையும் அசெர்ஷனின் தலையில் கட்டிவிடும். தனி ஃபைலில் முன்னோரே இல்லை, எனவே ஹேஷ் பொருந்துகிறது. என்வலப்புக்குள் போனதும் பொருந்தவில்லை. அல்காரிதம் முகவரியைப் பார்த்தே இனம் காணலாம்: 20010315 என்று இருந்தால் இன்க்ளூசிவ், 2001/10 என்று இருந்தால் எக்ஸ்க்ளூசிவ்.

சரிசெய்ய வேண்டிய இடம் எஸ்டிஎஸ். டிரான்ஸ்ஃபார்ம்ஸில் என்வலப்டு-சிக்னேச்சர் முதலில், எக்ஸ்க்ளூசிவ் இரண்டாவதாக. சாம்எல் விதிமுறையும் சைன்டுஇன்ஃபோ, ரெஃபரன்ஸ் ஆகிய இரண்டு இடத்திலும் எக்ஸ்க்ளூசிவ் பயன்படுத்தச் சொல்கிறது.

இதில் ஒரு பொடி விஷயம். அட்ரிப்யூட் வேல்யூக்களில் டைப் 'எக்ஸ்எஸ்:ஸ்ட்ரிங்' என்று இருந்தால், அந்த எக்ஸ்எஸ் பிரிஃபிக்ஸ் ஒரு மதிப்புக்குள் எழுத்தாக மட்டுமே வருகிறது. எக்ஸ்க்ளூசிவ் முறை அதைப் பயன்பாடாக எண்ணாது, டிக்ளரேஷனை விட்டுவிடும். இன்க்ளூசிவ்நேம்ஸ்பேஸஸ் பட்டியலில் எக்ஸ்எஸ்-ஐச் சேர்த்துவிடுங்கள். டிக்ளரேஷனையும் அசெர்ஷனுக்கு உள்ளேயே வையுங்கள், என்வலப்பில் வைக்காதீர்கள்.

ஒற்றைப்பைட்

எஸ்டிஎஸ் உங்கள் கையில் இல்லை என்றால் மாற்று வழி உண்டு: சர்வீஸில் அசெர்ஷனைத் தனி டாக்குமென்ட்டுக்குள் இம்போர்ட் செய்து அங்கே சரிபார்ப்பது. முன்னோர் இல்லாததால் இன்க்ளூசிவ் ஹேஷ் பொருந்திவிடும். ஆனால் அதன் பிறகு பயனர் பெயர், ரோல் எல்லாவற்றையும் சரிபார்த்த அந்தப் பிரதியிலிருந்து மட்டுமே படிக்க வேண்டும். மூலச் செய்தியில் 'முதல் அசெர்ஷன் எது' என்று எக்ஸ்பாத் போட்டுத் தேடினால், கையொப்பமுள்ள அசெர்ஷனை ஒரு மூலையில் ஒதுக்கிவிட்டு போலி ஒன்றை முன்னால் வைக்கும் ராப்பிங் தாக்குதலுக்குக் கதவைத் திறந்துவிட்டதாகிவிடும். செய்தியில் ஒரே ஐடி இரண்டு இடத்தில் வந்தால் உடனே நிராகரியுங்கள்.

இதே அறிகுறியோடு வருபவர்களுக்காக: டைஜஸ்ட் தவறி, நேம்ஸ்பேஸ் வித்தியாசமும் இல்லை என்றால் வெற்றிடங்களைச் சந்தேகியுங்கள். லாகுக்காக வரி பிரித்து அழகுபடுத்திய பிரதியையே அனுப்புவது அடிக்கடி நடப்பது. டாட்நெட்டில் எக்ஸ்எம்எல்டாக்குமென்ட்டை லோட் செய்யும் முன்பே பிரிசர்வ்வைட்ஸ்பேஸை ட்ரூ ஆக்க வேண்டும், பிறகு மாற்றிப் பயனில்லை.

தறிநூல்

டிரான்ஸ்ஃபார்ம் விஷயம் அப்படியே இருந்தது. எஸ்டிஎஸ்ஸில் எக்ஸ்க்ளூசிவ் சேர்த்ததும் டைஜஸ்ட் எல்லாமே சரி. இப்போது பெரும்பாலான அழைப்புகள் போகின்றன, சில மட்டும் தோற்கின்றன. இந்த முறை சிக்னேச்சர்வேல்யூ தவறு. தற்காலிகமாக இந்தச் சரிபார்ப்பை மட்டும் அணைத்து வைக்கலாமா?

சாவித்துவாரம்

வேண்டாம். டைஜஸ்ட்டை யார் வேண்டுமானாலும் கணக்கிட்டு எழுதலாம். சிக்னேச்சர்வேல்யூவைப் பார்க்காத சர்வீஸில் யாரும் அட்மின் ஆகலாம்.

சில மட்டும் தோற்கின்றன என்றால் லோட் பேலன்சருக்குப் பின்னால் ஒரு எஸ்டிஎஸ் நோடு வேறு சாவியால் கையொப்பமிடுகிறது என்பதே முதல் சந்தேகம். தோற்ற டோக்கனிலும் வென்ற டோக்கனிலும் கீஇன்ஃபோவில் (கையொப்பத்தின் சாவி விவரம்) உள்ள சான்றிதழின் தம்ப்பிரிண்டை (சான்றிதழின் ஹேஷ்) ஒப்பிடுங்கள். அவை ஒன்றாகவே இருந்தாலும் விட்டுவிடாதீர்கள்: சான்றிதழையும் ப்ரைவேட் கீயையும் தனித்தனியாக கான்ஃபிக் செய்யும் சர்வரில் சாவி புதிதாகவும், கீஇன்ஃபோவில் ஒட்டும் சான்றிதழ் பழையதாகவும் இருக்க முடியும். அந்த நோடில் இரண்டின் மாடுலஸும் (சாவியின் அடிப்படை எண்) ஒன்றுதானா என்று பாருங்கள். நீளமும் துப்பு தரும்: ஆர்எஸ்ஏ 2048 சாவி என்றால் கையொப்பம் 256 பைட், பேஸ்64-இல் 344 எழுத்து. வேறு நீளம் வந்தால் வேறு சாவி.

கீஇன்ஃபோவில் வந்த சான்றிதழை வைத்தே சரிபார்ப்பதும் தீர்வல்ல, போலி டோக்கனும் தன் சான்றிதழைக் கூடவே கொண்டுவரும். நீங்கள் ஏற்கெனவே நம்பும் பட்டியலில் எது என்று தேட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

கூர்நோக்கி

சாவி மாற்றத்துக்கான வரிசையையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய சான்றிதழை முதலில் மெட்டாடேட்டாவில் (எஸ்டிஎஸ் தன் விவரங்களை வெளியிடும் ஃபைல்) பழையதோடு சேர்த்து வெளியிட வேண்டும். சைனிங் கீடிஸ்கிரிப்டர் (கையொப்பச் சாவிக்கான பதிவு) இரண்டு இருக்கலாம், தவறில்லை. எல்லா சர்வீஸ்களும் இரண்டையும் ஏற்றிக்கொண்டது உறுதியான பிறகே நோடுகளைப் புதிய சாவிக்கு மாற்ற வேண்டும். கடைசி நோடும் மாறியபின், பழைய சாவியால் கடைசியாகக் கையொப்பமிட்ட டோக்கனின் நாட்ஆன்ஆர்ஆஃப்டர் (காலாவதி) நேரமும், நீங்கள் அனுமதிக்கும் கடிகார வித்தியாசமும் கடந்ததும் பழைய சான்றிதழை நீக்கலாம்.

சர்வீஸை ஜாவா 17-க்கு ஏற்றும் எண்ணம் இருந்தால் இன்னொன்று: அதில் எக்ஸ்எம்எல் கையொப்பத்துக்கான செக்யூர் வேலிடேஷன் முறை (ஆபத்தான அமைப்புகளை மறுப்பது) இயல்பாகவே இயங்கும். நேற்றுவரை சரியாக இருந்த டோக்கன் அங்கே விழுந்தால், ஹேஷைச் சந்தேகிக்கும் முன் எக்செப்ஷன் செய்தியைப் படியுங்கள். அது எந்த விதியை மீறியது என்று அதிலேயே எழுதியிருக்கும்.