தட்டம்மையைத் தவறவிட்டேன், எந்தப் பயிற்சி உதவும்?

கேள்வி:
14 வருடமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். போன மாதம் காய்ச்சல், இருமல், சிவந்த கண்களோடு ஒரு குழந்தை வந்தது. சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் காதுக்குப் பின்னால் தொடங்கி முகமெல்லாம் தடிப்பு. முதல் நாளே கன்னத்தின் உட்புறம் டார்ச் அடித்துப் பார்த்திருந்தால், தட்டம்மையின் அடையாளமான, உப்புத்தூள் தூவியது போன்ற காப்லிக் புள்ளிகள் தெரிந்திருக்கலாம். அன்று காத்திருந்தவர்களில் இரண்டு கைக்குழந்தைகள். அதுதான் இன்னும் உறுத்துகிறது. தொடர் மருத்துவக் கல்வி என்று நான் போனதெல்லாம் நீரிழிவு, இரத்த அழுத்த வகுப்புகள்தான். பொது சுகாதாரத்தில் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில் 1:
உரை மட்டும் கேட்டுவிட்டு வரும் வகுப்பு வேண்டாம். நோயாளி விவரத்தைக் கையில் கொடுத்து, 'இப்போது யாருக்குத் தகவல் சொல்வீர்கள்?' என்று கேட்கும் பயிற்சியாகத் தேடுங்கள். நோய்ப்பரவல் விசாரணை, தடுப்பூசி, சுகாதாரத் துறைக்கு அறிவிக்க வேண்டிய நோய்கள், இந்த மூன்றும் முதலில்.

பதில் 2:
தட்டம்மைக் கிருமி, நோயாளி போன பிறகும் 2 மணி நேரம் வரை அறைக் காற்றில் இருக்கும். தடிப்புக்கு 4 நாள் முன்பிருந்தே தொற்றும். சந்தேகம் வந்தாலே சுகாதாரத் துறைக்குச் சொல்லிவிடுங்கள், ஆய்வக முடிவுக்குக் காத்திருக்க வேண்டாம். நோயாளியோடு தொடர்பில் இருந்தவர்களுக்கு, அந்தத் தொடர்பு ஏற்பட்டு 72 மணி நேரத்துக்குள் தடுப்பூசி போட்டால் பலன் உண்டு.

கேள்வி கேட்டவர்:
72 மணி நேரக் கணக்கு எனக்கு மறந்தே போயிருந்தது. சரி, பரவல் விசாரணைப் பயிற்சியில் சேர்கிறேன், எங்கள் செவிலியரையும் கூட்டிக்கொண்டு.