கலைச்சொல்: புற்றுநோய் ஆய்வில் 'குவாலிட்டி ஆஃப் லைஃப்', 'யுட்டிலிட்டி', 'குவாலி'

குழும நண்பர்களுக்கு வணக்கம். தலைப்பில் உள்ள ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்பது பற்றி இங்கே வந்த கேள்விகளுக்கு என் பதில்.

> வாழ்க்கைத் தரம் என்றே நாளேடுகளில் வந்துவிட்டது. புதிதாக ஏன் தேட வேண்டும்?

ஐயா, பொருளாதாரப் பாடத்தில் அந்தச் சொல் வருமானம், வீடு, வசதி பற்றியது. சிக்கல் அங்கேதான் இருக்கிறது. புற்றுநோய்ப் பிரிவில் நோயாளிகளுக்கு வினாத்தாள் வாசித்துக் காட்டுவது என் வேலை. இ.ஓ.ஆர்.டி.சி. என்ற ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் கியூ.எல்.கியூ-சி30 (சுருக்கமாக சி30) தாள் 1993-இல் வெளியானது. மொத்தம் 30 கேள்விகள். கடைசிக் கேள்வி, போன வாரம் முழுக்க உங்கள் வாழ்க்கைத் தரம் எப்படி இருந்தது என்று 1 முதல் 7-க்குள் சொல்லச் சொல்கிறது. 'வாழ்க்கைத் தரம்' என்ற சொல் காதில் விழுந்ததும் ஒரு பெரியவர், "தரத்துக்கு என்னம்மா குறைச்சல், பையன் மாடி வீடு கட்டிட்டான்" என்று 6-ஐத் தொட்டுக் காட்டினார். வாய்ப்புண்ணில் கஞ்சிகூட இறங்காமல் அவர் தவித்த வாரம் அது.

அதனால் 'வாழ்நலம்' என்று முன்வைக்கிறேன். வாழ்நாள் எவ்வளவு, வாழ்நலம் எப்படி என்று இரண்டும் சோடியாக நிற்கும். தாளில் உள்ள சொல்லை நாமாக மாற்ற முடியாது, அதற்கு அந்த அமைப்பின் நடைமுறை இருக்கிறது. கட்டுரையிலும் விளக்கத்திலும் தாராளமாகப் புழங்கலாம்.

> யுட்டிலிட்டிக்குப் பொருளியலில் 'பயன்பாடு' இருக்கிறதே?

நம் துறையில் யுட்டிலிட்டி என்பது ஓர் உடல்நிலையில் வாழ்வதை மக்கள் எவ்வளவாக மதிக்கிறார்கள் என்று காட்டும் எண். 'இந்த நோயாளியின் பயன்பாடு 0.4' என்று எழுதிப் பாருங்கள். இவரால் என்ன பயன் என்று கேட்பதுபோல் இருக்கிறது. நோயோடு போராடுகிறவரைப் பற்றி அப்படி ஒரு வரி தமிழில் அச்சாகக் கூடாது. 'வாழ்நல மதிப்பு' போதும்.

ஆனால் அளவு வேறு, மதிப்பு வேறு. சி30 தருவது வாழ்நல அளவு: நோயாளி சொன்ன பதில்களை 0 முதல் 100 வரை மாற்றிய எண். மதிப்பை வேறு வழியில் எடுக்கிறார்கள். இந்த நிலையில் பத்து ஆண்டு வாழ்வதா, முழு நலத்தோடு அதைவிடக் குறைந்த காலம் வாழ்வதா என்று கேட்பார்கள். ஏழு ஆண்டு போதும் என்பவர் மூன்று ஆண்டை விட்டுக்கொடுக்கிறார். அவர் கணக்கில் அந்த நிலையின் மதிப்பு 0.7. இந்த முறைக்குக் 'கால விட்டுக்கொடுப்பு' என்றே பெயர் வைக்கலாம். முழு நலம் 1, மரணம் 0, மரணத்தைவிட மோசம் என்று கருதப்படும் நிலைக்குக் கழித்தல் எண்கூட வரும். பதில் சொல்கிறவர்கள் பெரும்பாலும் பொதுமக்கள், அந்த நோயைப் பட்டறியாதவர்கள். ஆகவே சி30-இல் 70 வாங்கியவருக்கு மதிப்பு 0.7 என்று போடவே முடியாது. இரண்டுக்கும் 'மதிப்பீடு' என்று எழுதும் கட்டுரைகளில் இந்த வேறுபாடே காணாமல் போகிறது.

அப்புறம் 'குவாலி'. வாழ்ந்த ஆண்டுகளை அந்த வாழ்நல மதிப்பால் பெருக்கி வரும் கணக்கு இது. இதன் நேர் மொழிபெயர்ப்பான 'தரம் சரிசெய்யப்பட்ட வாழ்நாள் ஆண்டு' வாயில் நுழையவில்லை. 'நலநிறை ஆண்டு' சரியா? நிறை என்பதற்கு எடை, முழுமை என்ற இரு பொருளும் இங்கே பொருந்துகின்றன. 0.7 மதிப்பில் இரண்டு ஆண்டு வாழ்ந்தால் 1.4 நலநிறை ஆண்டு. அரசு மருத்துவச் சேவையில் எந்த மருந்தைத் தரலாம் என்று பரிந்துரைக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு, ஒரு நலநிறை ஆண்டு கூடுவதற்கு 20,000 முதல் 30,000 பவுண்டு என்பதை நெடுங்காலம் வரம்பாக வைத்துத்தான் புது மருந்துகளைப் பரிந்துரைத்தது. மருந்து கிடைப்பதும் கிடைக்காததும் இந்த எண்ணில் தொங்குகிறது என்பதால்தான் சொல்லில் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

அடுத்து 'ஃபட்டீக்'. அகராதிகள் களைப்பு என்கின்றன, நோயாளிகள் அசதி என்கிறார்கள். களைப்பு உட்கார்ந்தால் தீரும். கீமோவுக்குப் பிறகு வருவது தூங்கி எழுந்தாலும் தீராது. என் ஓட்டு அசதிக்கே. உங்கள் பக்கம் நோயாளிகள் எந்தச் சொல்லைச் சொல்கிறார்கள் என்று எழுதுங்கள், தொகுத்து அனுப்புகிறேன்.